இடிக்கும் முன் மாடிப்படி ஏறுங்கள்

வீட்டுக்குள் ஒரு சுவரை எடுக்கத் திட்டமிடுவது நம் வீட்டு விஷயம் என்றுதான் நினைக்கிறோம். தில்லியின் அடுக்குமாடிகளில் அந்தச் சுவர் எத்தனை குடும்பங்களைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்பதை நேரில் பார்த்து எழுதிய சிறப்புக் கட்டுரை.

மிஸ்திரி சுவரை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார். காதை வைத்துக் கேட்டார். "பார்ட்டிஷன் ஹை, தீதி. ஷாம் தக் ஸாஃப்" என்றார். வெறும் தடுப்புதான், சாயங்காலத்துக்குள் துடைத்துவிடலாம் என்று அர்த்தம்.

இடம், மயூர் விஹார் ஃபேஸ் ஒன்னில் எங்கள் டி.டி.ஏ. ஃபிளாட். 1980-களில் அப்பாவுக்குக் குலுக்கலில் விழுந்த தரைத்தள வீடு. சுவர், சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருப்பது. பத்தடி நீளம். அதில் இரண்டரை அடி அகலத்தில் ஒரு கதவு.

அம்மாவுக்கு 79 வயது. போன வருஷம் இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். அந்தக் கதவில் வாக்கரை நேராக நுழைக்க முடியாது. பக்கவாட்டில் திருப்பி, நிலையைப் பிடித்து, உடம்பை ஒருக்களித்து உள்ளே போக வேண்டும். போனால் பகலிலும் விளக்குப் போட்டாக வேண்டிய இருட்டு. "இத்தனை வருஷம் சுவரைப் பார்த்தே சமைச்சாச்சு. இனிமேலாவது ஹால்ல யார் வரா, யார் போறான்னு பார்த்துண்டே ஒரு தோசை வார்க்கணும்டி" என்றாள். நியாயமான ஆசை. மறுநாள் காலை பத்து மணிக்கு ஆள் அனுப்புவதாக மிஸ்திரி சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை முதல் மாடியில் இருக்கும் வங்காளப் பெண்மணி, நாங்கள் 'மாஷிமா' என்று கூப்பிடுபவர், காயப்போட்ட துணியை எடுக்கக் கீழே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சண்டை போடவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. "அந்தச் சுவருக்கு நேர் மேலேதான் என் கட்டில் இருக்கிறது. நான் எங்கே படுத்துக்கொள்வது?" என்று மட்டும் கேட்டார்.

பதில் தெரியாமல் அவரோடு மாடி ஏறினேன். அவர் வீட்டிலும் அதே இடத்தில் அதே சுவர். இரண்டாவது மாடிக்குப் போனேன், அங்கேயும் அதே சுவர். மூன்றாவது மாடியிலும் அப்படியே. நான்கு வீட்டுச் சுவர்கள் ஒன்றின் தலைமேல் ஒன்றாக, நூல் பிடித்ததுபோல் நின்றன. எல்லாவற்றுக்கும் கீழே நின்றது எங்கள் வீட்டுச் சுவர்.

கீழே வந்ததும் மிஸ்திரிக்கு ஃபோன் செய்து, நாளைக்கு வரவேண்டாம் என்றேன்.

ஒன்பதா, நாலரையா?

தில்லியில் எந்த மிஸ்திரியிடம் பேசினாலும் இரண்டு எண்கள் காதில் விழும்: 'நௌ இஞ்ச்', 'சாடே சார் இஞ்ச்'. ஒன்பது அங்குலச் சுவர், நாலரை அங்குலச் சுவர். செங்கல்லை முழு நீளத்துக்குக் குறுக்கே வைத்துக் கட்டினால் ஒன்பது, அதன் அகலத்துக்கு மட்டும் கட்டினால் நாலரை. இரண்டு பக்கப் பூச்சையும் சேர்த்தால் அளவு நாடாவில் பத்தும் ஐந்தரையுமாகக் காட்டும். கதவு நிலை இருக்கும் இடத்தில் நாடா வைத்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

இந்த வித்தியாசம் ஏன் இவ்வளவு முக்கியம்? டி.டி.ஏ. எனப்படும் தில்லி வளர்ச்சி ஆணையம் 1957-ல் சட்டத்தின் மூலம் உருவானது. அறுபதுகளின் கடைசியிலிருந்து ஜனதா, எல்.ஐ.ஜி., எம்.ஐ.ஜி., எஸ்.எஃப்.எஸ். என்று வகை பிரித்து வீடுகள் கட்டிக் கொடுத்தது. முனீர்க்கா, ஜனக்புரி, மயூர் விஹார் பகுதிகளில், பிழைப்புக்காக ஊரை விட்டுவந்த ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் 'சொந்த வீடு' என்ற சொல்லை முதன்முதலில் சொன்னது இந்த ஃபிளாட்டுகளில்தான். மூன்று நான்கு தளம் கொண்ட அந்தக் காலத்து ஃபிளாட்டுகளில் பலவற்றில் கான்கிரீட் தூண்களே கிடையாது. செங்கல் சுவர்களே தூண்கள். கூரைத் தளத்தின் பாரம் சுவரில் இறங்கும், அந்தச் சுவரிலிருந்து கீழ்ச் சுவருக்கு இறங்கும், கடைசியில் அஸ்திவாரத்துக்குப் போகும். பொறியாளர்கள் 'லோட் பேரிங்' என்று சொல்லும் சுமை தாங்கும் சுவர் இதுதான்.

இன்றைய 'பில்டர் ஃப்ளோர்' வேறு மாதிரி. கீழே கார் நிறுத்தத் தூண்கள், மேலே தூணும் உத்தரமுமாகக் கான்கிரீட் சட்டகம், நடுவில் அறை பிரிக்க நாலரை அங்குலச் சுவர்கள். இங்கே உள்சுவர்களில் பெரும்பாலானவை சுமை தாங்குவதில்லை. பழைய தில்லியான ஷாஜஹானாபாத்தின் ஹவேலிகள் இன்னொரு உலகம். மெல்லிய லக்கோரிச் செங்கல், சுண்ணாம்புச் சாந்து, மர உத்தரம். அங்கே எந்தச் சுவரின் மேல் எந்த மரம் உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கூரையைப் பார்க்காமல் சொல்லவே முடியாது. கரோல் பாக் பக்கம் சில பழைய வீடுகளில் இரும்பு கர்டர் மேல் கல் பலகை பரப்பிய கூரை. கர்டரின் முனை எந்தச் சுவரில் ஊன்றியிருக்கிறதோ, அந்தச் சுவரில் கைவைத்தால் கூரையின் அந்தப் பக்கமே இறங்கும்.

தட்டிப் பார்த்துச் சொல்லும் ஆருடம் இவை எதற்கும் உதவாது. பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்திருந்தால் ஒன்பது அங்குலச் சுவரும் 'டொக் டொக்' என்று வெற்றொலிதான் கொடுக்கும்.

எட்டு யானைகள்

மத்திய பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழ்ப் பொறியாளர் ஒருவரை அழைத்துவந்தேன். திருநெல்வேலிக்காரர். கையில் அளவு நாடா, ஒரு சின்ன உளி, டார்ச். முதலில் ஹாலில் உட்காரவேயில்லை. நேராக மொட்டை மாடிக்குப் போனார். தண்ணீர்த் தொட்டிகள் எந்த இடத்தில் நிற்கின்றன என்று குறித்துக்கொண்டார். ஒவ்வொரு வீடாக இறங்கிவந்தார். கடைசியில் எங்கள் சமையலறையில், சுவரின் ஒரு மூலையில் உள்ளங்கை அளவுக்குப் பூச்சைக் கொத்தி எடுத்தார்.

சிவப்புச் செங்கல் தெரிந்தது. ஒரு வரிசையில் செங்கல்லின் நீளப்பக்கம், அடுத்த வரிசையில் தலைப்பக்கம். "தலை தெரியுதா மா? கல்லு குறுக்க போகுது. இது ஒன்பது இஞ்ச். இந்தச் சுவர் சும்மா நிக்கலை" என்றார்.

பிறகு ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். கான்கிரீட் தளம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ. அதன்மேல் தரைக்கல், பூச்சு, கட்டில், பீரோ, மனிதர்கள் எல்லாம் சேர்த்து இன்னொரு 300 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு பக்க அறைகளிலிருந்தும் பாதிப் பாதி பாரம் இந்தச் சுவருக்கு வரும். அப்படிப் பார்த்தால் ஒரு தளத்திலிருந்து ஐந்து டன்னுக்குக் குறையாது. எங்கள் தலைக்கு மேல் நான்கு தளங்கள். மேல் வீடுகளின் மூன்று சுவர்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய நான்கு டன். மொத்தம் 30 டன்னுக்கு மேல்.

வளர்ந்த ஆசிய யானை சுமார் நான்கு டன். எட்டு யானைகள் அந்தப் பத்தடிச் சுவரின் மேல் முப்பது வருஷத்துக்கு மேலாக நிற்கின்றன. அம்மா அந்தச் சுவரில் ஆணி அடித்துத்தான் முருகன் காலண்டர் மாட்டியிருந்தாள்.

"நாலரை இஞ்சா இருந்தா இடிச்சிருக்கலாமா சார்?" என்று கேட்டேன். உடனே தலையாட்டவில்லை அவர். கட்டும்போது வெறும் தடுப்பாக இருந்த சுவர்கூட, காலப்போக்கில் மேல்தளம் லேசாகத் தொய்ந்து அதன்மேல் உட்கார்ந்தால், சுமை தாங்கத் தொடங்கிவிடும் என்றார். மேல் வீட்டுக்காரர் அதே கோட்டில் பின்னாளில் ஒரு சுவர் எழுப்பியிருக்கலாம், பரண் போட்டிருக்கலாம், தொட்டி வைத்திருக்கலாம். அதனால் வரைபடத்தைப் பார்ப்பது பாதி வேலை. இன்று வீடு எப்படி நிற்கிறது என்று ஏறிப் பார்ப்பது மீதிப் பாதி.

ஒரு சுவர் போனால்

2010 நவம்பர் 15. கிழக்கு தில்லி லட்சுமி நகரின் லலிதா பார்க்கில், மாலை இருட்டிய நேரம், ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று அப்படியே உட்கார்ந்தது. சுமார் 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் வாடகைக்கு இருந்த புலம்பெயர்ந்த தொழிலாளர் குடும்பங்கள். அந்த வருஷம் யமுனையில் வெள்ளம். அடித்தளத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அதற்கு மேலே கூடுதல் பாரமும் ஏற்றப்பட்டிருந்தது. அடியில் வலு குறைய, மேலே சுமை கூடியது.

2025 ஏப்ரல் 19. வடகிழக்கு தில்லி முஸ்தபாபாத்தின் சக்தி விஹாரில், விடியற்காலை எல்லோரும் உறங்கும் வேளையில் நான்கு மாடி வீடு இடிந்து 11 பேர் இறந்தார்கள். கீழ்த்தளத்துக் கடைகளில் கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்தது என்று அக்கம்பக்கத்தவர் சொன்னதைச் செய்தித்தாள்கள் எழுதின. சுவரில் கழிவுநீர் ஊறிவந்ததைச் சொன்னவர்களும் உண்டு.

2022 பிப்ரவரி 10. பக்கத்து குருகிராமில் சின்டெல்ஸ் பாரடைசோ குடியிருப்பு. ஆறாவது மாடி வீட்டில் சீரமைப்பு வேலை நடந்தபோது ஹாலின் தளம் இடிந்து, ஒவ்வொரு தளமாக உடைத்துக்கொண்டு முதல் மாடிவரை விழுந்தது. கீழ் வீடுகளில் இருந்த இரண்டு பெண்கள் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தின் கான்கிரீட்டிலேயே குறைகள் இருந்ததை ஐ.ஐ.டி. தில்லி பின்னர் ஆராய்ந்து சொன்னது. வேலை நடந்தது மேலே, உயிர் போனது கீழே.

சுவரை நினைக்கும்போதெல்லாம் பொறியாளர்களுக்கு நினைவுக்கு வரும் கட்டடம் லண்டனில் இருந்தது. ரோனன் பாயின்ட், 22 மாடி. தூண்களே இல்லாமல், தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் சுவர்ப் பலகைகளை அடுக்கிக் கட்டியது. மக்கள் குடியேறி ஏறக்குறைய இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 1968 மே 16 அதிகாலை, 18-வது மாடியில் கேஸ் கசிந்து சின்ன வெடிப்பு. அடுப்பைப் பற்றவைத்த பெண்மணி பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த வெடிப்பு வெளிப்பக்கச் சுவர்ப் பலகை ஒன்றைத் தள்ளிவிட்டது. அது தாங்கியிருந்த மேல்தளங்கள் விழுந்தன. விழுந்த வேகத்தில் கீழ்த்தளங்களும் போயின. கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். ஒரு பாகம் போனால் கட்டடமே போகும்படி கட்டக்கூடாது என்ற விதி பிரிட்டனில் எழுதப்பட்டதற்கு அந்த ஒரு சுவர்தான் காரணம்.

தென்கொரியத் தலைநகர் சியோலின் சாம்பூங் அங்காடி இன்னும் பெரிய துயரம். குடியிருப்பாகத் திட்டமிட்ட கட்டடத்தைப் பாதியில் அங்காடியாக மாற்றினார்கள். நகரும் படிக்கட்டுக்கு இடம் வேண்டித் தூண்களை எடுத்தார்கள், ஐந்தாவது மாடி ஏற்றினார்கள். முடியாது என்று மறுத்த கட்டுமான நிறுவனத்தையே மாற்றினார்கள். 1995 ஜூன் 29 அன்று அது இடிந்தபோது 502 பேர் இறந்தார்கள். 'முடியாது' என்று சொன்னவரை மாற்றிவிட்டு, 'முடியும்' என்று சொல்பவரைத் தேடியது எவ்வளவு பெரிய தவறு! நம் வீடுகளிலும் அதுதான் நடக்கிறது. ஒரு மிஸ்திரி தயங்கினால் அடுத்த மிஸ்திரியைக் கூப்பிடுகிறோம்.

பூமி அசையும்போது

2025 பிப்ரவரி 17, காலை 5.36. தௌலா குவான் பக்கத்தை மையமாகக் கொண்டு 4.0 அளவில் நிலம் அதிர்ந்தது. அளவு சிறியது. ஆனால் ஐந்து கிலோமீட்டர் ஆழத்திலேயே, நகரத்தின் அடியிலேயே நடந்ததால் தில்லி முழுக்கத் தூக்கிப்போட்டது. எங்கள் சமையலறை அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கலகலத்தன. அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "முருகா" என்றாள். சில நொடிகள்தான். அப்போது எங்களைக் காத்தது எது என்று நான் யோசிக்கவில்லை. இப்போது தெரிகிறது.

நிலநடுக்க வரைபடத்தில் தில்லியை நான்காம் மண்டலத்தில் வைத்து எச்சரித்துவந்திருக்கிறார்கள். யமுனைக் கரையின் வண்டல் மண் அதிர்வைப் பெருக்கிக் காட்டும். மயூர் விஹாரும் லட்சுமி நகரும் நிற்பது அந்த மண்ணில்தான்.

சாதாரண நாளில் சுவரின் வேலை மேலிருந்து வரும் சுமையைத் தாங்குவது. பூமி அசையும் நாளில் பக்கவாட்டில் தள்ளும் விசையைத் தாங்குவதும் அதே சுவர்தான். ஒரு தீப்பெட்டியின் உள்பெட்டியை உருவிவிட்டு உறையை மட்டும் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள், சாய்ந்துவிடும். பெட்டி உள்ளே இருந்தால் அசையாது. வீட்டின் குறுக்குச் சுவர்கள் அந்த உள்பெட்டி. தூண் வைத்த கட்டடத்திலும் இது பொருந்தும். 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் பல அடுக்குமாடிகள் விழுந்தன. கீழ்த்தளத்தைச் சுவரில்லாமல் கார் நிறுத்தத் திறந்து விட்டிருந்த கட்டடங்கள் அவற்றில் அதிகம். மேலே இறுக்கமும் கீழே தளர்வுமாக நின்றவை கீழ்த்தளத்தில்தான் ஒடிந்தன. 'சுமை தாங்காத சுவர்தானே' என்று கீழ்த்தளத்தில் இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டால், நாமே அந்தத் தளர்வை உண்டாக்குகிறோம்.

செங்கல் கட்டடங்களின் நிலநடுக்கப் பாதுகாப்புக்கு ஐ.எஸ். 4326 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. கதவு, ஜன்னல் என்று ஒரு சுவரில் உள்ள திறப்புகளின் மொத்த அகலத்துக்கு அது வரம்பு போடுகிறது. நிலநடுக்க ஆபத்து அதிகமுள்ள பகுதியில், மூன்று நான்கு தளக் கட்டடத்துக்கு, சுவர் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. எங்கள் பத்தடிச் சுவருக்கு மூன்றடி நாலங்குலம். அதில் ஏற்கெனவே இரண்டரை அடிக் கதவு இருக்கிறது. பாக்கி இருந்தது பத்து அங்குலம்.

அந்தப் பத்து அங்குலத்துக்குள்தான் அம்மாவின் ஆசையை அடக்க வேண்டியிருந்தது.

சட்டம் சொல்வது

தில்லியின் 2016-ம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளில், உள்தடுப்பு போன்ற சின்ன வேலைகளுக்குத் தனியாகக் கட்டட அனுமதி வாங்க வேண்டியதில்லை. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பலரும் எல்லாச் சுவரையும் தடுப்பு என்றே சொல்லிவிடுகிறார்கள். கட்டடத்தைத் தாங்கும் பாகத்தில் கைவைப்பது அந்த விலக்குக்குள் வராது. அங்கே கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்து வேண்டும். டி.டி.ஏ. வீடுகளில் எந்தெந்த மாற்றம் செய்யலாம் என்று ஆணையமே தனிப் பட்டியல் வெளியிட்டிருக்கிறது.

1986-ம் ஆண்டின் தில்லி அடுக்குமாடி உடைமைச் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. அஸ்திவாரம், தூண், உத்தரம், கூரை ஆகியவற்றோடு முக்கியச் சுவர்களையும் அது பொதுவானவற்றின் வரிசையில் வைக்கிறது. என் பெயரில் பத்திரம் இருக்கலாம், அந்தச் சுவருக்கு நான் வண்ணம் அடிக்கலாம், காலண்டர் மாட்டலாம். ஆனால் அது நான்கு குடும்பத்தின் சுவர். இதை எனக்கு முதலில் சொன்னது சட்டப் புத்தகம் இல்லை, மாஷிமா கேட்ட அந்தக் கேள்விதான்.

எடுப்பது எப்படி?

சுமை தாங்கும் சுவரில் திறப்பு போடவே முடியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். உலகமெங்கும் செய்கிறார்கள். ஆனால் அது இடிக்கும் வேலையைவிடத் தாங்கும் வேலை. முதலில் சுமைக்கு வேறு வழி காட்ட வேண்டும். அதன் பிறகுதான் கல்லில் கைவைக்க வேண்டும்.

சுவரின் இரண்டு பக்கமும் தளத்துக்கு முட்டு கொடுப்பார்கள். இரும்பு ஜாக்குகள் இதற்கு நல்லவை. பழக்கத்தில் இருக்கும் மரப் 'பல்லி'களை நம்பக் கூடாது. ஜாக்கின் அடியில் பலகை வைத்துப் பாரத்தைப் பரப்ப வேண்டும். பிறகு சுவரின் தடிப்பில் ஒரு பாதியை மட்டும் வெட்டி, ஓர் இரும்பு உத்தரத்தைச் செருகி, அது இறுகிய பின் மறுபாதியை வெட்டி இரண்டாவது உத்தரம். இரண்டையும் போல்ட் போட்டு இணைப்பார்கள். உத்தரத்தின் இரு முனைகளும் சுவரில் போதுமான நீளத்துக்கு, கான்கிரீட் திண்டின் மேல் உட்கார வேண்டும். உத்தரத்துக்கும் மேல்சுவருக்கும் நடுவில் இடைவெளி இல்லாமல் கெட்டிக் கலவை திணிக்க வேண்டும். அந்த இடைவெளியை விட்டுவிட்டால், முட்டுகளை எடுத்த அன்றே மேல் வீட்டில் விரிசல் விழும். இத்தனையும் முடிந்து, கலவை இறுகிய பிறகு, கீழே உள்ள செங்கல்லை மேலிருந்து ஒவ்வொரு வரிசையாக எடுக்க வேண்டும். அடியில் சம்மட்டியால் அடித்துச் சாய்ப்பது கொலைக்குச் சமம்.

கதவு, ஜன்னலுக்கு மேலே, லிண்டல் மட்டத்தில் வீட்டைச் சுற்றிக் கான்கிரீட் பட்டை ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். வீட்டின் அரைஞாண் அது. நிலநடுக்கத்தில் சுவர்கள் ஆளுக்கொரு பக்கம் விரியாமல் கட்டிப்பிடித்து வைப்பது அதுதான். எக்காரணம் கொண்டும் அதை அறுக்கக் கூடாது.

தில்லியில் இதற்குக் காலமும் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் காற்று மிக மோசமாகும் நாட்களில் இடிப்பு வேலைக்குத் தடை விழும். முட்டு கொடுத்துப் பாதி வெட்டிய சுவரோடு தடைக் காலத்தில் மாட்டிக்கொண்டால் அது ஆபத்து. ஹோலி முடிந்து மழை வருவதற்குள் வைத்துக்கொள்வது நல்லது. இடித்த குப்பைக்குத் தில்லியில் 'மல்பா' என்று பெயர். அதை ராத்திரியில் பூங்கா ஓரம் கொட்டிவிட்டு ஓடும் டெம்போக்காரரிடம் கொடுக்காதீர்கள். இடிபாடுகளை அரைத்து மறுபடி கல்லாக்கும் நாட்டின் முதல் ஆலை 2009-லிருந்து இந்த ஊரின் புராரியில்தான் இருக்கிறது. மாநகராட்சி சேகரிக்கும் இடத்துக்கு அனுப்பினால் மல்பா இப்படிப்பட்ட ஆலைக்குப் போய்ச் சேரும்.

இடிக்கும் முன் ஏழு கேள்விகள்

1. சுவர் பூச்சு இல்லாமல் எத்தனை அங்குலம்? ஒன்பது என்றால் பொறியாளர் பார்க்கும்வரை தொடாதீர்கள்.
2. மேல் வீட்டிலும் கீழ் வீட்டிலும் அதே இடத்தில் சுவர் இருக்கிறதா? நேரில் போய்ப் பாருங்கள்.
3. கட்டடம் தூண்களில் நிற்கிறதா, சுவர்களில் நிற்கிறதா?
4. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி, பரண், மாடிப்படி இவற்றில் ஏதாவது இந்தச் சுவரைச் சார்ந்திருக்கிறதா?
5. சுவருக்குள் மின்குழாய், தண்ணீர்க் குழாய், கேஸ் பைப் போகிறதா? கேஸ் இணைப்பை நகர்த்த அந்த நிறுவனத்தின் ஆள்தான் வர வேண்டும்.
6. கட்டமைப்புப் பொறியாளர் நேரில் வந்து, வரைந்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரா? ஃபோனில் படம் அனுப்பிக் கேட்டது கணக்கில் வராது.
7. சுவரை முழுதாக எடுக்காமலே நம் தேவை தீருமா?

பத்து அங்குலத்தின் திட்டம்

ஏழாவது கேள்விதான் எங்கள் வீட்டைக் காப்பாற்றியது. பொறியாளர் அம்மாவிடம், "உங்களுக்குச் சுவர் போகணுமா, இல்ல ஹால் தெரியணுமா?" என்று கேட்டார். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஹால் தெரிஞ்சாப் போறும். வாக்கர் நேராப் போகணும்" என்றாள்.

சுவர் அப்படியே நிற்கட்டும். கதவை மட்டும் இரண்டரை அடியிலிருந்து மூன்றே கால் அடிக்கு அகலப்படுத்தலாம். நிலையும் கதவும் வேண்டாம், திறந்த வாசலாகவே இருக்கட்டும். அகலமாகும் வாசலுக்குப் புதிய உத்தரம். அதற்கும் முட்டு கொடுத்துத்தான் வேலை. அடுப்பு மேடையைச் சுவரோரத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு, வாசலுக்கு நேராக மாற்றலாம். அடுப்பின் முன் நின்றால் ஹாலும் தெருக்கதவும் தெரியும். ஜன்னலை மறைத்த பரணை எடுத்தால் கிழக்கு வெளிச்சம் உள்ளே வரும். இவ்வளவையும் ஒரே தாளில் வரைந்து கொடுத்தார்.

அந்தத் தாளுக்கு நான்கு பிரதி எடுத்து, மூன்று வீட்டுக்கும் ஏறிப்போய்க் கொடுத்தேன். மாஷிமா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு அளவையும் படித்தார். மூன்றாவது மாடிக்காரர் தாங்கள் ஹாலில் ஒரு சுவரை எடுக்க நினைத்திருந்ததாகவும், இனி அந்தப் பொறியாளரைக் கேட்காமல் செய்யப்போவதில்லை என்றும் சொன்னார். பழைய மிஸ்திரியையே வேலைக்கு அழைத்தோம். பொறியாளர் பூச்சைக் கொத்திய இடத்தில் செங்கல்லின் தலையை அவருக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "கலத் போலா தா, தீதி" என்றார். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒப்புக்கொள்ளும் தைரியம் எல்லாருக்கும் வராது. அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

வேலை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு, மாஷிமா வீட்டுச் சுவரில் ஏற்கெனவே இருந்த மயிரிழை விரிசல் ஒன்றின் குறுக்கே, பொறியாளர் விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் ஒட்டினார். பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதினார். சுவர் ஒரு நூல் அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும், உடைந்தால் வேலையை நிறுத்த வேண்டும் என்று மாஷிமாவிடம் பொறுப்பை ஒப்படைத்தார்.

வேலை நடந்த ஒன்பது நாளும், காலையில் சுத்தியல் சத்தம் ஆரம்பிப்பதற்கு முன், மாடி ஜன்னலிலிருந்து மாஷிமாவின் குரல் வரும்: "ஷீஷா டீக் ஹை!" கண்ணாடி நன்றாக இருக்கிறது. அதைக் கேட்ட பிறகுதான் மிஸ்திரி உளியை எடுப்பார்.

வேலை முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன. அம்மா வாக்கரை நேராகத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறாள். அடுப்பின் முன் நின்று, வருகிறவர்களை அங்கிருந்தே விசாரிக்கிறாள். கண்ணாடியை எடுத்துவிடலாம் என்று பொறியாளர் சொல்லியும் மாஷிமா எடுக்கவில்லை. தினமும் காலையில் பார்த்துவிட்டு, ஜன்னலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தக் குரல் வந்த பிறகே அம்மா முதல் தோசையைக் கல்லில் ஊற்றுகிறாள்.